நான்கு இலை வித்தியாசம்

மெலந்தியா, துறைமுகத் தெரு
கார்னியஸ் மாதம், பன்னிரண்டாம் நாள்

மருமகன் யூரிதமஸுக்கு மாமா சோஃபிலஸ் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். இந்த வருஷம் சூரை மீன் பத்து நாள் முந்தி வந்ததே, அன்றைக்கே சொன்னேன். மெலித்தாவின் மதுக்கடையில் எழுபது பேர் சாட்சி. அவள் கடையில் பன்னிரண்டு பேர்தானே உட்கார முடியும் என்பாய். மற்றவர்கள் நின்றுகொண்டு கேட்டார்கள். "என் மருமகன் பேரை இந்த ஊர்க்காரப் பசங்க இலையில எழுதப் போறாங்க, அஞ்சு வருஷம் அவன் மூஞ்சியைப் பாக்காம தவிக்கப் போறாங்க, எழுதி வச்சுக்கோ"ன்னு மேசையைத் தட்டிச் சொன்னேன். மேசை உடைந்தது. அதை விடு.

இந்த ஊர் பெரிய ஆளைத் தாங்காது, யூரி. ஊரை நிறுவிய ஓனித்தாஸ், தாய்நகரத்து அடுப்பிலிருந்து நெருப்பைச் சட்டியிலிட்டு மடியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர். (சட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தது நம் பாட்டனாரின் பாட்டனார். அவருக்கு ரெண்டு உள்ளங்கையும் வெந்துபோனது.) அந்த ஓனித்தாஸையே ஏழாம் வருஷம் விரட்டினார்கள். செத்த பிறகு தூக்கிவந்து சந்தைத்திடல் நடுவில் புதைத்து இன்றைக்கும் தேன் ஊற்றுகிறார்கள். மதில் கட்டிய கொடுங்கோலனை அந்த மதில் மேலிருந்தே தள்ளினார்கள். எல்லாம் உப்பிலிருந்து பிறந்தது என்று சொன்ன அறிஞர் ஹிப்சிஸ் வீட்டு வாசலில் வண்டி வண்டியாய்ச் சூரைத் தலைகளைக் கொட்டினார்கள். அந்த வரிசையில் இப்போது நீ. ஒரு விதத்தில் நம் குடும்பத்துக்குப் பெருமைதான்.

நீ குற்றம் செய்தாய் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த இலை. ஊரைவிட எவன் பெரிதாக வளர்கிறானோ அவன் பெயரை ஆலிவ் இலையில் கீறிப் போட வேண்டியது. அதிக இலை யாருக்கோ அவர் கிளம்ப வேண்டியது. காரணம் கேட்கக் கூடாது. சதுப்பை வெட்டி வடித்தால் காய்ச்சல் போகும் என்றாய், அந்த வாய்க்கால் பெரிய நிலக்காரன் டெக்சினஸின் மேய்ச்சல் நிலத்தின் வழியாகப் போகும் என்றாய். முடிந்தது கதை. அவனுக்கு எண்ணூற்றுப் பதினொரு இலை, உனக்கு எண்ணூற்றுப் பதினைந்து.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. விடிகிறபோதே திடலுக்குப் போய்விட்டேன். வேலிக்குள் நுழைகிறவன் ஒவ்வொருவனின் மேலாடையையும் பிடித்து இழுத்து, "டெக்சினஸ் பேரை எழுதுடா"ன்னு கத்தினேன். தொண்டை போய் மூன்று நாள் சைகையில்தான் மீன் விற்றேன்.

அக்கா நன்றாக இருக்கிறாள். உன் படுக்கையைச் சுருட்ட விட மாட்டேன் என்கிறாள். உப்புச்சூரை ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். வயிற்றுப்பகுதி, ராஜாக்கள் தின்கிற துண்டு.

மாமா சோஃபிலஸ்


தாய்நகரம்
நம் கணக்குப்படி பனாமஸ் மாதம், மூன்றாம் நாள்

மாமாவுக்கு வணக்கம்.

ஜாடி வந்து சேர்ந்தது. அது வயிற்றுப்பகுதி இல்லை, வால்பக்கம். ஆனாலும் ஊர் வாசனை அடித்தது, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

கயிறு விற்கிறவன் ஒருவனின் மாடியில் இடம் பிடித்திருக்கிறேன். நம் முன்னோர்கள் கிளம்பிவந்த ஊர் என்று சின்ன வயதில் இதைப் பற்றி எத்தனை பாட்டு பாடினோம். இங்கே எனக்குப் பெயர் "அக்கரைக்காரன்". நான் வாயைத் திறந்தால் தெருப் பெண்கள் சிரிக்கிறார்கள். நாம் பேசுவது அவர்களுடைய கொள்ளுப்பாட்டிகள் பேசிய பேச்சாம்.

நான்கு இலை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் என்பது ஒரு சின்னப் படகில் ஏறுகிற கூட்டம்.

ஒன்று கேட்க வேண்டும். நான் கப்பலேறிய அன்று துறையில் ஒருவன் என்னிடம் சொன்னான்: "ஐயா, நீங்க வீட்டுக்குள்ள ராஜா மாதிரி ஊதா அங்கி போட்டுக்கிறீங்களாமே. தலைவர் தெர்சாந்தர் தும்மணும்னாகூட உங்களைக் கேட்டுட்டுத்தான் தும்முவாராமே. அடுத்த வருஷம் கிரீடம் உங்களுக்குத்தானாமே. அதனாலதான் நான் எழுதினேன், மனசுல வச்சுக்காதீங்க." அவன் நல்லவன் மாமா. பயந்திருந்தான்.

இந்தக் கதையை யார் கிளப்பியது? எனக்கு ஊதா அங்கி கிடையாது. தெர்சாந்தர் என்னோடு ஒரே பலகையில் எழுதப் படித்தவன், ஆனால் ஊர் விவகாரத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, சதுப்பைத் தவிர. அந்தச் சதுப்பையும் நான்தான் அவன் காதில் போட்டேன். வழியனுப்ப அவன் துறைக்கு வரவில்லை. பதவியில் இருப்பவர் வரக் கூடாது என்று சட்டம் என்பது தெரியும். தெரிந்தும் கப்பல் முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யார் என்று விசாரித்து எழுதுங்கள். பழிவாங்க இல்லை. தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

யூரிதமஸ்


மெலந்தியா
பனாமஸ் மாதம், இருபத்தெட்டாம் நாள்

மருமகனே,

வால்பக்கம் என்று எழுதிவிட்டாயே, அதைப் படித்து நொந்துபோனேன். கப்பல்காரன் மாற்றியிருப்பான்.

யார் கிளப்பியது என்று கேட்டாய். ஊர் வாய்க்குச் சொந்தக்காரன் உண்டா? ஒருவன் ஒன்று சொல்ல, அடுத்தவன் ரெண்டு சேர்க்க, அப்படியே போகிறது. அதைத் தோண்டாதே. தோண்ட வேண்டிய இடம் வேறு. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒன்பது நாள் சாப்பிடாமல் யோசித்தேன். (கஞ்சி குடித்தேன்.)

உன் சிநேகிதன் தெர்சாந்தர் இருக்கிறானே, அவன் இலையை நான் பார்த்தேன்.

இந்த ரெண்டு கண்ணால் பார்த்தேன். திடல் வேலியோரம் நின்று மீன்முள்ளால் கீறிக்கொண்டிருந்தான். இலையின் நுனி கிழிந்திருந்தது. முதல் பாதி எழுதிவிட்டு ஒரு தரம் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான், அப்புறம் குனிந்து மீதியை எழுதினான். உன் பெயர். யூரிதமஸ். காற்றில் இலை திரும்பியபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பதவிக்காரன் புத்தி அப்படித்தான். நீ இருந்தால் அவன் சின்னவன். வேறென்ன சொல்ல?

மனதைத் தேற்றிக்கொள். ஊதா அங்கிக் கதையையெல்லாம் இதோடு விட்டுவிடு.

சோஃபிலஸ்


தாய்நகரம்
ஹியாகின்தியஸ் மாதம், பதினான்காம் நாள்

மாமா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை.

திடலுக்குள் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வாசல். நாம் கடலோரக் குலம், கிழக்கு வாசல். தெர்சாந்தர் மேட்டுக் குலம், அவன் மேற்கே நுழைவான். நடுவில் ஓனித்தாஸின் சமாதியும் அதைச் சுற்றி மதிலும் இருக்கிறது. எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துத்தான் இலையைப் போட வேண்டும். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, உங்களைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக. ஆனால் அவன் வானத்தைப் பார்த்தான் என்றீர்களே. எழுதும்போது பாதியில் வானத்தைப் பார்ப்பது அவன் வழக்கம். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்குவான். அதைப் படித்ததும் என் சந்தேகம் நொண்டத் தொடங்கிவிட்டது.

நேற்று அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரையை உடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் இளகிவிடுவேன், சாக்குச் சொல்லியிருந்தால் கொதித்துப்போவேன். இரண்டும் எனக்கு வேண்டாம்.

நீங்கள் பார்த்தது நிஜம்தான் என்று ஆணையிட்டு எழுதுங்கள். அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

யூரி


மெலந்தியா
அக்ரியானியஸ் மாதம், இரண்டாம் நாள். குளிர்காலத்துக்குக் கடல் அடைக்கப் போகிறது, இதுதான் கடைசிக் கப்பல்.

மருமகனே,

ஆணையா? இதோ. ஓனித்தாஸ் சமாதிக் கல்லில் வலது கையை வைத்துச் சொன்னேன், பார்த்தது பார்த்ததுதான். சொன்னபோது கல் சூடாக இருந்தது. வெயிலாக இருக்கும்.

வாசல் கணக்கெல்லாம் உன் மாதிரி வரைபடம் போடுகிறவனுக்கு. அன்று கூட்டம் தள்ளியதில் கிழக்கு மேற்காகிவிட்டது. மதில் எட்டிப்பார்க்கிற உயரம்தானே. நான் ஒரு கூடைமேல் ஏறினேன்.

அதைவிட முக்கியமான சேதி. இந்த வருஷமும் காய்ச்சல் வந்துவிட்டது. தாழ்தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஒன்றுமில்லை. நானும் இரும்பு மாதிரி இருக்கிறேன். ஊரில் இப்போது உன் பேச்சுத்தான். "அந்தச் சதுப்பை வெட்ட விட்டிருக்கணும்"னு உன் பேரை எழுதினவனே சொல்கிறான். இதையும் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

சோஃபிலஸ்


தாய்நகரம்
மறு வருஷம், அர்த்தமித்தியஸ் மாதம், இருபதாம் நாள்

மாமாவுக்கு,

நம் ஊர்த் தூதுவன் இங்கே வந்திருந்தான். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

"ஐயா, ஊரே கூடிக் கை தூக்கிட்டாங்க. மீதி நாலு வருஷம் கிடையாது. மூட்டையைக் கட்டுங்க, காத்து நல்லாயிருக்கு" என்றான்.

"யார் கேட்டது?"

"தலைவர்தான். டெக்சினஸோட ஆளுங்க கூச்சல் போட்டாங்க, இவர் இறங்கவேயில்ல. தாழ்தெருவுல செத்தவங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணா வாசிச்சாரு. கடைசியில குரல் உடைஞ்சுபோச்சு."

"என் பேரை எழுதினபோது உடையலையா?"

அவன் விழித்தான். "ஐயா, அது யார் எழுதினாங்கன்னு யாருக்குத் தெரியும்? இலைக்கு வாயா இருக்கு?"

"எனக்குத் தெரியும்."

போகமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஐந்து வருஷம் என்று எழுதினார்கள், ஐந்து வருஷமும் இருப்பேன். அவன் தள்ளினால் விழவும், கூப்பிட்டால் எழவும் நான் என்ன அவன் வீட்டு நாயா? தூதுவன் இன்னும் இரண்டு கடிதங்களை வைத்துவிட்டுப் போனான். மூன்றாகிவிட்டது. மூன்றையும் உங்கள் சூரை ஜாடியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

தூதுவன் படியிறங்கிப் போன சத்தம் நின்ற பிறகும் கதவருகிலேயே நின்றிருந்தேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

யூரி


மெலந்தியா
கார்னியஸ் மாதம், ஐந்தாம் நாள்

யூரி, என் கண்ணு,

நீ வந்திருக்க வேண்டும். தூதுவன் வெறுங்கையோடு வந்து இறங்கியபோது அக்கா துறையில் நின்றிருந்தாள். உனக்காகக் கொண்டுவந்த பார்லி ரொட்டியைத் தூதுவனிடமே கொடுத்துவிட்டு நடந்தாள்.

ஒரு கை எழுதினால் எழுதியதுதானா? மனுஷன் மாற மாட்டானா? அப்படியே எழுதியிருந்தாலும் ஒரு கணம் புத்தி பிசகியிருக்கலாம், காற்றில் எனக்கே சரியாகத் தெரியாமல்கூட... அதை விடு. வந்துவிடு, அவ்வளவுதான் சொல்வேன்.

தெர்சாந்தர் உனக்காகக் காத்திருக்கவில்லை. தானே வெட்டத் தொடங்கிவிட்டான். போன வாரம் என் கடைக்கு வந்தான். செதில் வழுக்குகிற தரையில் செருப்பைப் பிடித்தபடி நின்றான்.

"மாமா, அவன் மனசுல இருக்கிறதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாமே. நீங்களே சொல்லிக்கிறீங்களாமே."

"பின்னே? அவன் யோசிக்கிறதுல பாதி என் கடையில உட்காந்து யோசிச்சதுதானே!"

"அப்ப இதைச் சொல்லுங்க. சதுப்பை வடக்கே வெட்டணும்னானா, தெற்கே வெட்டணும்னானா? மூணு தரம் எழுதிக் கேட்டுட்டேன், பதில் இல்ல. இந்தக் கோடையை விட்டா இன்னும் ஐம்பது பேர் போயிடுவாங்க."

ஊருக்கே தலைவன், நாலு பேர் பார்க்க, என்னிடம் கேட்கிறான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஒருநாள் நீ மீன்கத்தியால் அந்தப் பக்கம் காட்டியது ஞாபகம் இருந்தது. "தெற்கு. சவுக்கு மரத்துக்கிட்ட"ன்னு சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சரியாகத்தானே சொன்னேன்? இடுப்பளவு சேற்றில் அவனே இறங்கி நிற்கிறான். தலைவன் இறங்கியதும் இருநூறு பேர் இறங்கினார்கள். நிஜமாகவே இருநூறு, எண்ணினேன்.

சோஃபிலஸ்


தாய்நகரம்
கார்னியஸ் மாதம், முப்பதாம் நாள்

மாமா,

தெற்கு இல்லை. வடக்கு. வடக்கு. உடனே ஓடிப்போய் நிறுத்துங்கள்.

தெற்கே தரை மேடு. அங்கே வெட்டினால் தண்ணீர் கடலுக்குப் போகாது, வெட்டிய குழியிலேயே நிற்கும், அழுகும். இப்போது ஒரு சதுப்பு இருக்கிறது, அப்புறம் இரண்டாகிவிடும். வடக்கே ஓடு சுடும் சூளைக்குப் பின்னால் மூன்று வெள்ளைக் கற்களை நட்டிருக்கிறேன். அந்த வரிசையில் வெட்டினால் ஆறு உள்ளே வந்து சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும். ஆட்களைச் சேற்றில் நிற்க விடாதீர்கள். மதியத்துக்குள் வெளியேற்றுங்கள். அவனையும்தான்.

இதை நேராக அவனுக்கே எழுதலாம் என்று எடுத்தேன். "தெர்சாந்தருக்கு" என்று போட்டுவிட்டு அடுத்த சொல் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அதில் அரை நாள் போய்விட்டது. அதற்குள் காலைக் கப்பல் கிளம்பிவிட்டது. அடுத்தது நான்கு நாள் கழித்து.

யூரிதமஸ்


மெலந்தியா
பனாமஸ் மாதம், இருபத்தோராம் நாள்

மருமகனுக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் நாள் வந்தது. தெர்சாந்தரைப் பதினொன்றாம் நாள் எரித்துவிட்டோம்.

காய்ச்சல்தான். மூன்று நாள் விட்டு விட்டு அடித்தது. நான்காம் நாள் விடவேயில்லை. தெற்குக் குழியில் தண்ணீர் நிற்கத் தொடங்கியபோதே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டனுப்பினான். வீட்டுக்குள் போனேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, போர்வைமேல் போர்வை.

"மாமா, தெற்குன்னு அவன் சொன்னது நிச்சயமா?"ன்னு கேட்டான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பரவால்ல. எனக்கும் ஞாபகம் இல்லாமத்தானே உங்களைக் கேட்டேன்"னு சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

உன் கடிதத்தை ஊர்ச்சபையில் நானே வாசித்தேன். எழுதியிருந்தபடி மட்டும் வாசித்தேன், ஒரு சொல் சேர்க்கவில்லை. மறுநாளே மூன்று வெள்ளைக் கல்லையும் கண்டுபிடித்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டெக்சினஸ்கூட வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அவன் மகனும் காய்ச்சலில் போனான்.

நீ கேட்டாயே, ஊதா அங்கிக் கதை. மெலித்தா கடையில் நான் உன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகப் பேசுவது உண்டு. தும்மல் என்னுடையது. கிரீடமும் என்னுடையதாக இருக்கலாம். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்தால் என் வாய் நிற்காது, உனக்குத் தெரியும். சந்தோஷத்தில்தான் சொன்னேன்.

சோஃபிலஸ்


தாய்நகரம்
ஹியாகின்தியஸ் மாதம், ஒன்பதாம் நாள்

மாமா,

ஜாடியைத் திறந்தேன். மூன்று கடிதங்களையும் படித்துவிட்டேன். மீன் எண்ணெய் ஊறி எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கிறது.

முதல் கடிதத்தில் சதுப்பின் படம். கோணலாக வரைந்திருக்கிறான், அவனுக்கு எப்போதுமே கை வராது. கீழே, "வெட்டு எங்கே? குறி போட்டு அனுப்பு. உன் அம்மாவை வாரம் ஒருமுறை பார்க்கிறேன், என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள்." இரண்டாவதில் அதே படம், இன்னும் பெரிதாக. "போன கடிதம் கடலில் போயிருக்கும், அதனால் மறுபடியும்." மூன்றாவதில் படம் இல்லை. "ஏதோ கோபம் என்று தூதுவன் மூலம் தெரிந்துகொள்வேன் போலிருக்கிறது. எதற்கு என்று சத்தியமாகத் தெரியவில்லை. இருக்கட்டும், வந்து என்னைத் திட்டு. அதுவரை வடக்கு அல்லது தெற்கு என்று ஒரே ஒரு சொல் எழுது. வணக்கம்கூடப் போட வேண்டாம்."

ஒரு சொல் மாமா. என் மேசையில் மையும் இருந்தது, நாணல் எழுதுகோலும் இருந்தது.

உங்கள் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது. தெற்கு என்று சொன்னது நீங்கள், ஆனால் வடக்கு என்று சொல்லாமல் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தது நான். ராத்திரி பகல் இதுதான்.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. என் பெயரை எழுதியவன் இப்படி எழுத மாட்டான். அதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. மன்னிக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாகக் கேட்கிறேன். கல்லில் கை வைக்க வேண்டாம். அவன் இலையில் என்ன இருந்தது?

யூரி


மெலந்தியா
அக்ரியானியஸ் மாதம், முதல் நாள்

யூரி,

இந்தக் கடிதத்தில் எழுபது பேர் இல்லை.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மெலித்தா அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். "நீயே எழுதுறியா, இல்ல நான் தூதுவனை வச்சு எழுதச் சொல்லவா?"ன்னு கேட்டாள். "நானே எழுதறேன்க்கா"ன்னு சொன்னேன். எழுதி முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். சுருட்ட விடாமல் வைத்திருந்த உன் படுக்கையில்தான்.

முதலில் நல்ல சேதி. வடக்கே தண்ணீர் ஓடுகிறது. நீ சொன்ன மாதிரியே ஆறு உள்ளே வந்தது, பழுப்புச் சேற்றை அடித்துக்கொண்டு வெளியே போனது. பெண்கள் கரையில் நின்று அழுதார்கள், சிரித்தார்கள். தாழ்தெருவில் பதினாறு நாளாக யாரும் புதிதாகப் படுக்கவில்லை. தெற்குக் குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம். நானும் கூடை சுமக்கிறேன், எனக்கு இடுப்பு இல்லை என்று வைத்துக்கொள். வாய்க்காலுக்கு உன் பெயர் வைக்கலாமா என்று சபை கேட்டது. தெர்சாந்தர் பெயரை வையுங்கள் என்று அக்கா எழுந்து நின்று சொன்னாள். அவ்வளவு கூட்டத்தில் பெண்பிள்ளை பேசியதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டார்கள்.

இனி நீ கேட்டது.

எழுதும்போது அவன் வானத்தைப் பார்ப்பான் என்பது எனக்குத் தெரியும். பத்து வயசில் என் கடைக்கு வந்து உன்னோடு சேர்ந்து மீன்பெட்டிகளில் கரியால் பெயர் எழுதுவானே, அப்போதே பார்த்திருக்கிறேன். பாதியில் நிமிர்வான், கடல்காக்கையை எண்ணுவான், அப்புறம் மீதி. ஒரு பொய்யை நிற்க வைக்க அப்படி ஒரு நிஜம் போதும் என்று எனக்குத் தோன்றியது. நீ நம்புவாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். ஊதா அங்கி யாருடையது என்று நீ தோண்டிக்கொண்டே வந்தால் என் கடை வாசலில் வந்து நிற்பாய். அந்தப் பயத்தில் எழுதினேன். அவன் முகத்தைத் திருப்பிவிட்டால் நீ என் பக்கம் பார்க்க மாட்டாய் என்று.

இலை போட்ட அன்று காலையில் மெலித்தா கடையில் ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். உப்பளத்து ஆட்கள் ஐந்து பேர் இருந்தார்கள். "உன் மருமகனுக்கு இன்னைக்குக் கண்டமாமே"ன்னு ஒருவன் சீண்டினான். விட முடியுமா? நீ பன்னிரண்டு வயசில் கிரகணத்தைச் சொன்ன கதையை ஆரம்பித்தேன். அதில் உனக்கு எட்டு வயசாக்கினேன், கிரகணத்தை முழுசாக்கினேன். அப்புறம் நீ கிணற்றின் ஆழத்தைக் கல் போட்டு எண்ணியது. அப்புறம் தலைவரின் தும்மல். அவர்கள் கோப்பையை வைக்காமல் கேட்டார்கள். நடுவில் ஒருவன், "மாமா, திடல்ல வேலியை அடைச்சிடப் போறாங்க, போய் டெக்சினஸ் பேரைக் கீறிட்டு வந்துடறோம்"னு எழுந்தான். நான் அவன் தோளை அமுக்கி உட்கார வைத்தேன். "இருடா, முக்கியமான இடம் இப்பத்தான் வருது"ன்னு சொன்னேன்.

முக்கியமான இடம் முடிவதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள்.

அவர்கள் ஐந்து பேர், என்னோடு ஆறு. நான்கு இலைதான் வித்தியாசம் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. கத்தித் தொண்டை போனது என்று எழுதினேனே, அந்தத் தொண்டை எனக்குப் போகவேயில்லை.

தெர்சாந்தர் தன் இலையில் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது, யூரி. நான் அன்றைக்குத் திடலுக்கே போகவில்லை.